துருசுக் கதவும் நாலு குமிழும்

போன சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த கிழமையில் பரந்தன் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். வயது பதினாறு இருக்கும். துவாயால் சுற்றிய ஒரு சாமானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவிழ்த்துப் பார்த்தால் மைக்ரோகோர்க். கனடாவில் இருக்கிற மாமா, தான் வாசிக்காமல் வைத்திருந்ததை அனுப்பியிருக்கிறார். 2002இல் வந்த சின்தசைசர். 37 குட்டிக் கட்டைகள், ஒரே நேரத்தில் நாலு சுரம்தான் பேசும். ஆனால் ஆறு சின்னப் பற்றரி போட்டாலும் ஓடும். 2022இல் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டியதைக் கண்டவனுக்கு அந்த ஒரு குணமே போதும்.

பிள்ளைக்கு அதன்மேல் கோபம். "சேர், இதிலை வீணையும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. எந்த நம்பரைத் தட்டினாலும் பேய்ச் சத்தம்தான் வருது. மாமா பிழையான சாமானை அனுப்பிப்போட்டார்."

அவளில் பிழை இல்லை. இங்கே கீபோட் பழகியவர்கள் எல்லோரும் நம்பர் தட்டிப் பழகியவர்கள்தான். வீணைக்கு ஒரு நம்பர், வயலினுக்கு ஒரு நம்பர். நானும் பத்து வருடம் திருவிழா மேடைகளில் அப்படியே ஓட்டினேன். சத்தத்தை வெறும் கையால் செய்யலாம் என்று தெரியவந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அதற்குச் சாவி என்வலப் என்கிற ஒன்று. ஒரு சுரம் எப்படி எழும்பி, எப்படி அடங்க வேண்டும் என்று சொல்வது அதுதான். தமிழில் 'உறை' என்று எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னால் முத்திரை எங்கே ஒட்டுவது என்று கேட்பார்கள். என்வலப் என்றே வைத்துக்கொள்வோம்.

அன்று அவளைக் கட்டையில் கை வைக்க விடவில்லை. வாய்க்கால் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

என் வீட்டுக்குப் பின்னால் ஓடுவது இரணைமடுவின் கிளை வாய்க்கால். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் அது. சிறுபோகத்தில் மழையை நம்ப ஏலாது. குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் வயலுக்கு விடுவார்கள். துருசுக் கதவை, அதாவது குளத்து மதகைச் சுற்றித் திறக்கும்போது தண்ணீர் ஒரே அடியாக வராது, கதவு ஏறுகிற வேகத்தில்தான் ஏறும். அதுதான் அற்றாக். காய்ந்து வெடித்துக் கிடக்கிற வாய்க்கால் முதலில் நனைய வேண்டும். அதற்காகத் தொடக்கத்தில் நிறைய விட்டு, அப்புறம் கதவைக் கொஞ்சம் இறக்குவார்கள். அந்த இறக்கம் டிகே. இறக்கி நிறுத்திய பிறகு வாய்க்காலில் நிற்கிற மட்டம் சஸ்டெய்ன். முறை முடிந்து கதவை மூடினாலும் வாய்க்காலில் கிடந்த தண்ணீர் கடைசி வயல்காரன் வரைக்கும் வடிந்து போகும். அது ரிலீஸ்.

விரல் கட்டையில் இருக்கிற நேரம்தான் உங்கள் முறை. விரலை எடுத்தால் கதவு மூடத் தொடங்கும்.

இந்த நாலில் மூன்று நேரத்தைச் சொல்கிறவை. அற்றாக், டிகே, ரிலீஸ் மூன்றுக்கும் "எவ்வளவு நேரம்?" என்பதே கேள்வி. சஸ்டெய்ன் மட்டும் மட்டம். "எவ்வளவு உயரம்?" என்று கேட்க வேண்டும். சஸ்டெய்ன் குமிழைக் கூட்டினால் சுரம் நீளும் என்று நினைத்து ஒரு வருடம் திருகியவன் நான். சுரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை விரல்தான் தீர்மானிக்கும். காலால் மிதிக்கிற பெடலுக்கும் சஸ்டெய்ன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது விரலை எடுத்த பிறகும் முறையைப் பிடித்துவைக்கிற வேறு சாமான். ஒரே பெயரில் இரண்டு ஆட்கள் இருக்கிற ஊரில் கடிதம் மாறிப்போவது போலத்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என்வலப்பில் சத்தமே கிடையாது. தண்ணீர் குளத்தில் இருக்கிறது. சின்தசைசரில் ஒசிலேற்றர்தான் குளம், அது எந்நேரமும் ஒரே மாதிரி ரீங்காரமிடும். அம்ப்ளிஃபயர் துருசு. என்வலப் அந்தத் துருசைத் திறக்கிற கை. அதே கையை, சத்தத்தின் பளபளப்பைக் கூட்டிக் குறைக்கிற பில்ற்றரிலும் வைக்கலாம், சுருதியிலும் வைக்கலாம். பாதி வித்தை அங்கேதான் இருக்கிறது, வருகிறேன்.

இந்தக் கையைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடிக்கும். 1964இல் றொபட் மூக் முதல் சின்தசைசரைச் செய்துகொண்டிருந்தபோது, அவரோடு வேலை செய்த இசையமைப்பாளர் ஹேர்பட் டொய்ச், சுரத்துக்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மூக் அவரைத் தெருவுக்கு எதிரே இருந்த ஹார்ட்வெயார் கடைக்கு அனுப்பி, வீட்டு வாசல் மணிக்குப் போடுகிற சுவிச் ஒன்றை வாங்கி வரச் சொன்னார். அந்தச் சுவிச்சை அமத்தினால், மின்னைத் தேக்கிவைக்கிற ஒரு கண்டென்சர் நிறையும், விட்டால் வடியும். அந்த நிறைதலும் வடிதலும்தான் சத்தத்தின் உருவம். அடுத்த வருடம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த விளாடிமிர் உசசெவ்ஸ்கி, நாலு பகுதியாகப் பிரித்து இப்படி ஒரு கருவி வேண்டும் என்று மூக்கிடம் எழுதிக் கேட்டார். இன்றைக்கு நீங்கள் திருகுகிற நாலு குமிழ்களின் வேர் அந்தக் கடிதம்.

கண்டென்சர் நிறைவதும் வடிவதும் நேர்கோட்டில் நடப்பதில்லை. வடியும்போது முதலில் விறுவிறு என்று இறங்கி, போகப்போகச் சோம்பும். குளத்தில் நீர் உயரம் குறையக் குறைய துருசிலிருந்து பாய்கிற வேகமும் குறையும் அல்லவா, கணக்கு வேறு என்றாலும் போக்கு அதே போலத்தான். உங்கள் சாமானில் டிகேயின் வளைவை மாற்ற இடம் இருந்தால், மீட்டுகிற, அடிக்கிற சத்தங்களுக்கு நேர்கோட்டை வைக்காதீர்கள். முதலில் செங்குத்தாக விழுந்து பிறகு படிகிற வளைவை வையுங்கள். காதுக்கு மரமும் தந்தியும் அப்படித்தான் பழக்கம்.

வீட்டுக்கு வந்து முதலில் செய்தது ஒரு சோதனை. நீங்களும் செய்யுங்கள், போனும் லப்டொப்பும் போதும். கோயில் மணியை ஒரே ஒரு தரம் அடிக்கச் சொல்லி, அது முழுதாக அடங்கும்வரை போனில் பதியுங்கள். ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருளில் திறந்து, அடி விழுந்த முதல் அரைச் செக்கனை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தின் தொடக்கத்தை மெல்ல ஏற வைத்துக் கேளுங்கள். மணி இருக்காது. புல்லாங்குழலா ஓர்கனா என்று சொல்ல முடியாத ஒன்று வரும். பாரிஸ் வானொலியில் இருந்த பியர் ஷெஃபர் 1948இல் இதைத்தான் செய்தார். ஒலித்தட்டில் பதிந்த மணியின் தலையை வெட்டிப் போட்டுக் கேட்டார்.

பிள்ளை மூன்று தரம் போட்டுக் கேட்டாள். "அப்ப மணியை மணியாக்கிறது அந்த அடிதானோ சேர்?" பாதி ஓம் என்றேன். பிறக்கிற விதமும் சாகிற விதமும் சேர்ந்துதான். நடுவில் இருக்கிற ரீங்காரத்தில் எல்லாச் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று உறவு.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் எதிரொலி, கோரஸ், டிலே எல்லாவற்றையும் அணையுங்கள். அவை இருந்தால் ரிலீஸ் எங்கே முடிகிறது என்று காது ஏமாறும். பில்ற்றரை முழுதாகத் திறந்துவிட்டு, பில்ற்றரை என்வலப் எவ்வளவு ஆட்டலாம் என்று சொல்கிற குமிழைச் சுழியத்தில் வையுங்கள். அம்ப் என்வலப்பில் அற்றாக் 0, சஸ்டெய்ன் முழுசு, ரிலீஸ் 0. டிகே எங்கே நின்றாலும் பரவாயில்லை, சஸ்டெய்ன் முழுசாக இருந்தால் இறங்குவதற்கு இடமே இல்லையே. இந்த நிலையில் கட்டையை அமத்தினால் சத்தம், விட்டால் மௌனம். இதை நான் ஓர்கன் நிலை என்பேன். எதைச் செய்யத் தொடங்கினாலும் இங்கிருந்தே தொடங்குங்கள். முன்பு யாரோ செய்த சத்தத்தைத் திருகித் திருத்தப் போனால் எது எதை மாற்றுகிறது என்று விளங்காது.

மைக்ரோகோர்க்கில் குமிழ்கள் மில்லிசெக்கன் காட்டாது, 0 முதல் 127 வரை எண்தான். நான் கீழே சொல்கிற மில்லிசெக்கன் கணக்குகள் சேர்ஜ் எக்ஸ்டி போன்ற இலவச மென்பொருள்களில் நேரடியாக வைக்கலாம். மற்றதில் காதை நம்புங்கள்.

அவள் முதலில் கேட்டது வீணை. அங்கிருந்தே தொடங்கினோம்.

மீட்டிய தந்திக்கு யாரும் தொடர்ந்து பலம் கொடுப்பதில்லை, அது தானாக அடங்கும். அதனால் சஸ்டெய்ன் 0. அற்றாக் 1, 2 மில்லிசெக்கன். டிகே ஒன்றரை முதல் இரண்டு செக்கன். அலைவடிவம் சோ, அதாவது வாள்பல். இவ்வளவும் வைத்துக் கட்டையை நீட்டி அமத்தினாள், நன்றாக வந்தது. அப்புறம் சட்டென்று தட்டி எடுத்தாள். 'டக்' என்று ஓட்டில் கல் விழுந்தது போல முறிந்தது. ஏனென்றால் ரிலீஸ் இன்னும் 0. டிகே முடிவதற்குள் விரல் எழும்பினால் சத்தம் ரிலீஸின் கைக்குப் போய்விடும். மீட்டுகிற சத்தங்களுக்கு ரிலீஸை டிகேயின் அளவுக்கே வையுங்கள். அப்போது விரலை எப்போது எடுத்தாலும் தந்தி தன்பாட்டில் அடங்கும். பல பேர் செய்த வீணையும் கிற்றாரும் கெட்டுப்போவது இந்த ஒரு இடத்தில்தான்.

இப்போது வருவது வீணை போல அடங்குகிற ஏதோ ஒன்று, வீணை இல்லை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே பளபளப்பு. உண்மையான தந்தியில் மேல் அதிர்வுகள் முதலில் செத்துப்போகும், அடிச் சுரம் பிந்தித் தங்கும். மீட்டிய கணத்தில் பளிச்சென்று இருந்து பிறகு மங்கும். இங்கேதான் பில்ற்றருக்கு இரண்டாவது என்வலப். பில்ற்றரைக் கால்வாசிக்கு மூடுங்கள். என்வலப் அளவைப் பாதிக்குக் கூட்டுங்கள். அற்றாக் 0, டிகே 400 மில்லிசெக்கன், சஸ்டெய்ன் 10 வீதம் போல. சத்தம் அடங்குவதற்கு நாலில் ஒரு பங்கு நேரத்திலேயே ஒளி அடங்கிவிட வேண்டும். அந்த விகிதத்தைப் பிடித்த கணத்தில் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சுருதியை வளைக்கிற பிட்ச் பெண்டை நாலு அரைச்சுரத்துக்கு வைத்து, ஒரு கமகம் இழுத்துக் காட்டினேன். மாமா மேல் இருந்த கோபம் அதோடு போய்விட்டது.

உயரச் சுரங்கள் கீழ்ச் சுரங்களைவிட வேகமாக அடங்கும். கட்டை எவ்வளவு உயரம் என்று பார்த்து மாறுகிற கீ ட்ராக்கிங் இருந்தால் டிகேயோடு இணையுங்கள், இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

நாதஸ்வரம் இதற்கு நேர் எதிர். ஊதுகிறவரின் மூச்சு பின்னால் நிற்கிறது, எனவே சஸ்டெய்ன் உயரத்தில், 85 வீதம் போல. சீவாளியும் கூம்புக் குழலும் உள்ள வாத்தியத்தில் ஒற்றை, இரட்டை என்று எல்லா மேல் அதிர்வுகளும் இருக்கும், அதனால் இதற்கும் வாள்பல் அலைதான் பொருந்தும். சதுர அலையை வைக்காதீர்கள், அதில் ஒற்றை மட்டுமே இருக்கிறது, கிளாரினெட் பக்கம் சாய்ந்துவிடும். அம்ப் அற்றாக் 30 மில்லிசெக்கன். பில்ற்றரின் அற்றாக்கை அதைவிட நீட்டி 70 வையுங்கள். சத்தம் முதலில் வந்து, பிரகாசம் அதன் பின்னால் வர வேண்டும். காற்று உள்ளே போய், சீவாளி பிடித்து, பிறகுதான் வாத்தியம் வாய் திறக்கிறது. இரண்டும் ஒன்றாக வந்தால் பஸ் ஹோர்ன்.

சுருதிக்கும் ஒரு சின்னத் தள்ளு கொடுங்கள். அரைச் சுரம் கீழே தொடங்கி 50 மில்லிசெக்கனில் இடத்துக்கு ஏறட்டும். மைக்ரோகோர்க்கில் வேர்ச்சுவல் பட்ச் என்ற நாலு இணைப்புகள் இருக்கின்றன. அதில் பில்ற்றர் என்வலப்பைப் பிட்சோடு இணைக்கலாம். அளவைக் கொஞ்சமாக வையுங்கள். கூடினால் கல்யாண வீட்டு நாதஸ்வரம் நாய் ஊளையாகிவிடும்.

நம் சங்கீதம் வாசிக்கிறவர்களுக்கு இனி வருவது முக்கியம். நாதஸ்வரக்காரர் ஒரு மூச்சில் ஆறேழு சுரம் ஊதுவார். மூச்சு ஒன்றுதான், அற்றாக்கும் ஒன்றுதான். ஆனால் கீபோட்டில் ஒவ்வொரு கட்டைக்கும் என்வலப் புதிதாகத் தொடங்கினால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் குத்தும். சாமானை மோனோவுக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் பேசுகிற நிலைக்கு மாற்றி, ட்ரிகரை மல்ற்றியில் இருந்து சிங்கிளுக்கு வையுங்கள். சில சாமான்களில் இதற்கு லெகாற்றோ என்று பெயர். இப்போது ஒரு கட்டையை விடாமல் அடுத்ததை அமத்தினால் என்வலப் தொடர்ந்து ஓடும், சுருதி மட்டும் மாறும். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகிற போர்ட்டமென்ரோ கொஞ்சம், 50 முதல் 60 மில்லிசெக்கன். விரலை எடுத்துவிட்டு அமத்தினால் புது மூச்சு. எங்கே மூச்சு வாங்குவது என்பதை இப்போது விரல் சொல்லும். மோகனத்தில் ஒரு சின்ன ஆலாபனை வாசித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ரிலீஸைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அப்பாவின் சைக்கிள். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கறண்ட் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் முட்ட வைத்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவன் நான். சுற்றத் தொடங்கினால் முதலில் கரகரப்பு, பிறகு குரல் எழும்பும். கை சோர்ந்தால் செய்தி வாசிக்கிறவரும் சோர்வார். அப்பா வயரின் நடுவில் ஒரு தடித்த கண்டென்சரை ஒட்டியிருந்தார். அதனால் நான் கையை விட்ட பிறகும் ஒரு சொல் அளவுக்குக் குரல் நின்று, அப்புறம்தான் மங்கும். அந்த ஒரு சொல்லுக்குள் மற்றக் கைக்கு மாறிவிடுவேன். அற்றாக்கும் ரிலீஸும் என்னவென்று எனக்கு எட்டு வயதிலேயே தெரிந்திருக்கிறது, பெயர்தான் தெரியாது.

ரிலீஸ் மேடையில் ஆளைக் கொல்லும் சாமானும்கூட. ஒரு அம்மன் கோயில் திருவிழா இரவு, வாடகைக்கு எடுத்த கீபோட். முதல் நாள் யாரோ ஸ்ரிங்ஸ் சத்தத்துக்கு மூன்று செக்கன் ரிலீஸ் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. வேகமான பாட்டு, ஒவ்வொரு கோர்டும் அடுத்த கோர்டின் மேல் ஏறிப் படுத்தது. நாலு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் வேறு. பாடிக்கொண்டிருந்த அண்ணை இடைவெளியில் என் பக்கம் குனிந்து, "தம்பி, சோறு குழையுது, கஞ்சியை வடி" என்றார். இன்றைக்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது அந்த வசனம்தான். ரிலீஸைக் குறை என்று சொல்ல மாட்டேன், கஞ்சியை வடி என்பேன்.

எவ்வளவு வடிப்பது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 60,000ஐப் பாட்டின் வேகத்தால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்பதால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லிசெக்கன் என்று வரும். வேகம் 120 என்றால் 500. வேகம் 96 என்றால் 625. ரிலீஸ் ஒரு அடியைத் தாண்டாமல் இருந்தால் கோர்டுகள் ஒன்றை ஒன்று மிதிக்காது. பைலாவுக்கு அதிலும் பாதி. மெதுவான பக்திப் பாட்டுக்கு இரண்டு அடிவரை போகலாம், பாடுகிறவர் கோபிக்க மாட்டார்.

இதே கணக்கு, பின்னணியில் நீளமாக நிற்கிற 'பாட்' சத்தத்தின் அற்றாக்குக்கும். பின்னால் மேகம் போல எழும்பட்டும் என்று அற்றாக்கை ஒன்றரைச் செக்கன் வைப்பது எல்லோருக்கும் ஆசை. வேகம் 96இல் இரண்டு அடிக்கு ஒரு கோர்ட் மாறினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 1,250 மில்லிசெக்கன்தான். மேகம் எழும்புவதற்கு முன்பே அடுத்த கோர்ட் வந்துவிடும், சத்தம் ஒரு நாளும் முழு உயரத்துக்குப் போகாது. சத்தம் காணாது என்று வொலியூமைக் கூட்டுவார்கள். கூட்ட வேண்டியது வொலியூம் இல்லை, குறைக்க வேண்டியது அற்றாக். 400க்குக் கொண்டுவந்து பாருங்கள்.

தோல் வாத்தியங்களுக்கு வேறு தந்திரம். வற்றாப்பளை அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குப் போனவர்களுக்குப் பறைமேளம் நெஞ்சில் விழுகிற விதம் தெரியும். அந்த அடியில் தடித்த சத்தத்தைவிட முதலில் வருவது சுருதியின் வீழ்ச்சி. தோலில் கம்பு விழுந்த கணத்தில் சுருதி மேலே இருந்து, உடனே கீழே இறங்கிப் படிகிறது. சைன் அலை எடுங்கள். பிட்ச் என்வலப்பில் இரண்டு ஸ்தாயி மேலிருந்து 40 மில்லிசெக்கனில் விழ வையுங்கள். அம்ப்பில் அற்றாக் 0, டிகே 250, சஸ்டெய்ன் 0, ரிலீஸும் 250. அதோடு நொய்ஸ் கொஞ்சம், அதற்குத் தனியாக 15 மில்லிசெக்கன் டிகே. அதுதான் கம்பு. பிட்ச் விழுகிற நேரத்தை 40இலிருந்து 120க்கு நீட்டினால் மேளம் போய், விளையாட்டு யந்திரத்தின் துவக்குச் சத்தம் வரும். பிள்ளைகளுக்கு அதில்தான் விருப்பம்.

மணி செய்ய எஃப்எம் வேண்டும், அதாவது ஒரு அலையால் இன்னொரு அலையின் சுருதியை வேகமாக ஆட்டுகிற முறை. இதைக் கண்டுபிடித்த ஜோன் சௌனிங் 1973இல் எழுதிய கட்டுரையில் மணிக்குக் கொடுத்த கணக்கே இன்றும் நல்ல தொடக்கம். ஒரு அலை 200 ஹேர்ட்ஸ், அதை ஆட்டுகிற அலை 280 ஹேர்ட்ஸ், அதாவது 1க்கு 1.4. 1க்கு 1, 1க்கு 2 என்று எளிய முழு எண் விகிதமாக இருந்தால் மணி வராது. இரண்டு அலைக்கும் சஸ்டெய்ன் 0 வைத்து, ஆட்டுகிற அலையின் டிகேயை, காதில் விழுகிற அலையினதைவிடச் சுருக்குங்கள். வீணைக்குப் பில்ற்றர் செய்த வேலையை இங்கே அது செய்யும். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 இந்த வழியில்தான் மணியும் மின்பியானோவும் தந்தது. அதில் நாலு குமிழ் என்வலப் இல்லை. நாலு வேகம், நாலு மட்டம் என்று எட்டு எண்கள், ஒப்பரேற்றர் என்கிற ஆறு அலைகளுக்கும் தனித்தனியாக. திருகிப் பார்த்தவர்கள் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டது நியாயம்.

கட்டையை அமத்தும்போது அல்லது விடும்போது 'டிக்' என்று ஒரு சின்ன முறிவு கேட்கிறதா? சாமான் பழுதில்லை. அலை நடுவழியில் இருக்கும்போது திடீரென்று திறந்தால் அல்லது மூடினால் அப்படித்தான் கேட்கும். அற்றாக்கை 3 மில்லிசெக்கனுக்கும், ரிலீஸை 10 அல்லது 15க்கும் கூட்டுங்கள். பேஸ் சத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் தேவை. 40 ஹேர்ட்ஸில் ஒரு முழு அலைக்கே 25 மில்லிசெக்கன் எடுக்கும். ஆனால் மேளச் சத்தத்தில் அந்த டிக்கைக் களையாதீர்கள். அது கம்பின் பங்காளி.

சின்தசைசர் இல்லை, வீட்டில் சாதாரணக் கீபோட்தான் என்கிறவர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. யமஹா பிஎஸ்ஆர் வரிசையில் இரண்டு குமிழ் உள்ள சாமான் என்றால் அவற்றை அற்றாக்குக்கும் ரிலீஸுக்கும் மாற்றிக்கொள்ளலாம். மிடி வயர் போட்டு லப்டொப்பிலிருந்து அனுப்புகிறவர்கள், அற்றாக்குக்குக் கொன்ரோல் எண் 73, டிகேக்கு 75, ரிலீஸுக்கு 72, பில்ற்றருக்கு 74 என்று குறித்துவையுங்கள். எல்லாக் கீபோட்டும் எல்லா எண்ணுக்கும் மசியாது. மசிகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ஸ்ரிங்ஸ் சத்தத்தின் அற்றாக்கைக் கொஞ்சம் நீட்டி, அதை மீட்டுகிற ஒரு சத்தத்தோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். மீட்டல் முன்னே வந்து வழிவிட, வயலின்கள் பின்னே எழும்பும். என் மேடை வேலையில் பாதி இதுதான்.

விரல் வேகத்தையும் இணைக்கலாம். அழுத்தி அடித்தால் பில்ற்றர் என்வலப் அளவு கூடட்டும். வீணைக்கு இது உயிர். குட்டிக் கட்டைகளில் வாசிக்கிறவர்கள் குறைவாக வையுங்கள், அந்தக் கட்டைகள் சின்ன அழுத்தத்துக்கும் துள்ளும்.

செய்து முடித்த சத்தத்தைப் பதிந்து வையுங்கள், ரைட் என்ற பட்டன். இதைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லவே மறந்துவிட்டேன். மைக்ரோகோர்க் வரும்போது எழுதவிடாமல் ஒரு பூட்டுப் போட்டே வரும், புரொடெக்ட் என்று. முதலில் அதைத் திறந்தால்தான் ரைட் வேலை செய்யும். அடுத்த சனிக்கிழமை வாசலில் நின்று, "சேர், வீணையைக் காணேல்லை" என்றாள். இரண்டு மணித்தியாலம் இருந்து செய்த வீணை. எனக்கே வயிறு எரிந்தது.

சரி, இருந்து திருப்பிச் செய் என்றேன். கொப்பியைத் திறக்கவில்லை. ஓர்கன் நிலைக்குப் போனாள், சஸ்டெய்னை இறக்கினாள், டிகேயைத் திருகிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. நான் வைத்ததைவிட ரிலீஸ் கொஞ்சம் குறைவு. ஏன் குறைத்தாய் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூட மண்டபத்திலை வாசிக்கப்போறன் சேர். அங்கை தகரக் கூரை, ஏற்கனவே குழையும்."